கறுப்பு சிலிண்டரில் என்ன வாயு? கடல் கடக்கும் மயக்கவியல் தொழில்நுட்பர்கள்

அறுவை சிகிச்சை செய்துகொண்ட யாரையாவது கேட்டுப் பாருங்கள். அறுவை செய்த மருத்துவரின் பெயர் சொல்வார். ஊசி போட்டு உறங்க வைத்த மயக்க மருந்து நிபுணரின் முகம் மங்கலாக நினைவிருக்கும். அந்த நிபுணரின் வலப்பக்கம் நின்று முகமூடியை எடுத்துக் கொடுத்தவர், சுவாசக் குழாயை நீட்டியவர் யார் என்று கேட்டால் தெரியாது என்பார். அதற்குள் அவர் உறங்கிப் போயிருப்பார்.

அந்த மூன்றாவது ஆள்தான் மயக்கவியல் தொழில்நுட்பர். மயக்கம் கொடுப்பது அவர் வேலையல்ல. மயக்கம் கொடுப்பவர் நம்பி நிற்கும் இயந்திரம், வாயு, குழாய், கருவி எல்லாம் சரியாக இருக்கின்றனவா என்று பார்ப்பதும், அவசரத்தில் இரண்டாவது ஜோடிக் கையாக இருப்பதும் அவர் வேலை.

இந்தப் பணிக்குப் படித்தவர்கள் நாடு விட்டு நாடு போகிறார்கள். தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் படித்தவர்கள் சவூதி அரேபியாவுக்கும் துபாய்க்கும் போகிறார்கள். சிலர் லண்டனையும் ஆக்லாந்தையும் குறிவைக்கிறார்கள். நம் நாட்டு உதவி மருத்துவ அதிகாரிகளில் வெளிநாட்டு வேலை பற்றி யோசிக்காதவர்கள் குறைவு. உங்கள் வீட்டிலோ உறவிலோ அப்படி ஒருவர் இருக்கலாம்.

‘மனித உடல் எங்கும் ஒன்றுதானே, பிராணவாயு எங்கும் பிராணவாயுதானே, பிறகு ஏன் மறுபடியும் பரீட்சை, பதிவு, காத்திருப்பு?’ என்று அவர்கள் கேட்பதுண்டு. நியாயமான கேள்வி. உடலும் வாயுவும் மாறுவதில்லை. அவற்றைப் பற்றித் தகவல் சொல்லும் நிறம், எண், பெயர் மாறுகின்றன. அறுவை சிகிச்சைக் கூடத்தில் உயிர் தங்கியிருப்பது பல நேரங்களில் அந்த அடையாளங்களை எவ்வளவு வேகமாகப் படிக்கிறோம் என்பதில்தான்.

சில நிமிட இருப்பு

முதலில் வேகம் ஏன் முக்கியம் என்று பார்ப்போம்.

மயக்க மருந்தோடு தசை தளர்த்தும் மருந்தும் ஏறியபின் நோயாளி தானாக மூச்சு விடுவது நின்றுபோகும். தொண்டைக்குள் குழாயைச் செலுத்தி இயந்திரத்தோடு இணைக்கும்வரை, நுரையீரலில் ஏற்கெனவே உள்ள பிராணவாயுதான் அவரைக் காப்பாற்றுகிறது.

சாதாரணமாக மூச்சை வெளியே விட்டபின் வளர்ந்த ஒருவரின் நுரையீரலில் சுமார் இரண்டரை லிட்டர் வாயு மிஞ்சி நிற்கும். அவர் அறைக் காற்றைச் சுவாசித்திருந்தால் அதில் பிராணவாயுவின் பங்கு அரை லிட்டருக்கும் குறைவு. உடல் நிமிடத்துக்கு ஏறத்தாழ 250 மில்லிலிட்டர் பிராணவாயுவைச் செலவழிக்கிறது. நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒன்றிரண்டு நிமிடங்களில் நிலைமை ஆபத்தாகிவிடும்.

அதனால்தான் உறங்க வைக்குமுன் முகமூடியைப் பொருத்தி மூன்று நிமிடம்போலத் தூய பிராணவாயுவைச் சுவாசிக்கச் சொல்கிறார்கள். அப்போது நுரையீரலில் உள்ள இருப்பு இரண்டு லிட்டரைத் தாண்டும். ஆரோக்கியமான ஒருவருக்கு ஏழெட்டு நிமிட அவகாசம் கிடைக்கும். உடல் பருமனானவர், கர்ப்பிணி, குழந்தை என்றால் அவகாசம் மிகவும் குறையும்.

அந்த அவகாசத்துக்குள் குழாய் உள்ளே போக வேண்டும். முதல் முயற்சி தோற்றால் வேறு அளவுக் குழாய், வழிகாட்டும் கம்பி, தொண்டையை உறிஞ்சிச் சுத்தப்படுத்தும் கருவி, மாற்று முகமூடி எதுவும் தேவைப்படலாம். நல்ல தொழில்நுட்பர் கேட்டபின் தேடமாட்டார். நிபுணர் கை நீட்டும்போது பொருள் அங்கே இருக்கும்.

சில நேரங்களில் அவர் விரலே கருவியாகும். வயிறு நிறைந்த நோயாளிக்கு உள்ளிருப்பது மேலே ஏறி நுரையீரலுக்குள் போய்விடாமல் தடுக்க, கழுத்தின் முன்பக்கம் உள்ள வளையக் குருத்தெலும்பை உதவியாளர் அழுத்திப் பிடிப்பார். 1961இல் பிரிட்டிஷ் மருத்துவர் பிரையன் செலிக் இந்த முறையை எழுதி வெளியிட்டார். நோயாளி விழித்திருக்கும்போது 10 நியூட்டன், நினைவிழந்தபின் 30 நியூட்டன் என்பது பாடப்புத்தக அளவு. 30 நியூட்டன் என்பது மூன்று கிலோ எடைக்குச் சமம். வீட்டுத் தராசை விரலால் அழுத்தி முள்ளை மூன்று கிலோவில் நிறுத்திப் பாருங்கள். குறைந்தால் பயன் இல்லை, கூடினால் குழாய் போகும் வழியே மறைந்துவிடும். இந்த முறையின் பயன் பற்றி இன்று கருத்து வேறுபாடு உண்டு. சில மருத்துவமனைகள் வழக்கமாகச் செய்கின்றன, சில கைவிட்டுவிட்டன. ஊர் மாறும் தொழில்நுட்பர் சந்திக்கும் முதல் வித்தியாசங்களில் இதுவும் ஒன்று.

நிறம் சொல்லும் கதை

மயக்கவியல் இயந்திரத்துக்குச் சுவர்க் குழாய் வழியாகப் பிராணவாயு வருகிறது. அது நின்றுபோனால் இயந்திரத்தின் பின்னால் உள்ள சிறிய சிலிண்டர் கைகொடுக்கும். அந்தச் சிலிண்டரின் நிறம் என்ன?

பிரிட்டிஷ் வழக்கில் வந்த நாடுகளில், இந்தியாவும் அதில் ஒன்று, பிராணவாயு சிலிண்டரின் உடல் கறுப்பு, தோள் வெள்ளை. அமெரிக்காவில் பிராணவாயு பச்சை. அங்கே கறுப்பு நிறம் நைட்ரஜனுக்கு உரியது. நைட்ரஜனை மட்டும் சுவாசித்தால் மூச்சுத் திணறும் உணர்வுகூட இல்லாமல் நினைவிழந்து போவோம். மருத்துவக் காற்று அமெரிக்காவில் மஞ்சள், பிரிட்டிஷ் வழக்கில் கறுப்பும் வெள்ளையும் கலந்தது. நைட்ரஸ் ஆக்சைடு மட்டும் இரண்டு வழக்கிலும் நீலம். பிரிட்டனோ இப்போது மருத்துவ சிலிண்டர்களின் உடல் முழுவதையும் வெள்ளையாக்கி, தோளின் நிறத்தில் மட்டும் வித்தியாசம் காட்டும் ஐரோப்பிய முறைக்கு வந்துவிட்டது. பத்தாண்டுக்கு முன் லண்டனில் வேலை பார்த்தவர் இன்று திரும்பப் போனாலும் கண்ணைப் புதிதாகப் பழக்க வேண்டும்.

நிறத்தை நம்புவது ஆபத்து என்பதை முன்னோர் உணர்ந்திருந்தார்கள். அதனால் வந்ததுதான் ஊசிக் குறியீட்டு முறை. சிறிய சிலிண்டரின் வால்வில் இரண்டு துளைகள் இருக்கும், இயந்திரத்தில் அதற்கேற்ற இரண்டு ஊசிகள் இருக்கும். பிராணவாயுவுக்கு 2, 5ஆம் இடங்கள். நைட்ரஸ் ஆக்சைடுக்கு 3, 5ஆம் இடங்கள். வேறு வாயுவின் சிலிண்டரை மாட்ட முயன்றால் பொருந்தாது. மனிதனின் கவனத்தை மட்டும் நம்பாமல் உலோகத்திலேயே தடை போட்டார்கள். நிறம் மாறினாலும் இந்தத் துளைகளின் இடம் நாடுகளுக்கிடையே மாறவில்லை. வெளிநாட்டில் முதல் நாள் வேலைக்குப் போகும் தொழில்நுட்பருக்கு இதைவிட நல்ல நண்பன் இல்லை.

சுவர் இணைப்பில் அந்த ஒற்றுமை கிடையாது. ஒவ்வொரு நாட்டுத் தரத்துக்கும் ஏற்ப இணைப்பின் வடிவம் வேறுபடுகிறது. பழைய வகை இயந்திரங்களில் பிராணவாயுக் குமிழின் இடமும் மாறும். அமெரிக்காவில் அது வலது ஓரத்தில் இருக்கும், பிரிட்டனில் இடது ஓரத்தில். எங்கே இருந்தாலும் அதன் விளிம்பு பள்ளம் பள்ளமாகச் செதுக்கப்பட்டு, மற்றக் குமிழ்களைவிடச் சற்றுத் துருத்தி நிற்கும். விளக்கு அணைந்தாலும் விரலால் கண்டுபிடிப்பதற்காக இந்த ஏற்பாடு.

இன்னொரு சின்னப் பொருளைப் பாருங்கள். நோயாளி வெளிவிடும் கரியமில வாயுவை உறிஞ்ச இயந்திரத்தில் சோடா சுண்ணாம்பு மணிகள் இருக்கும். அவை தீர்ந்துபோனால் நிறம் மாறும். ஒரு வகை வெள்ளையிலிருந்து ஊதாவாக மாறும். இன்னொரு வகை இளஞ்சிவப்பிலிருந்து வெள்ளையாக மாறும். ஆக, ஒரு மருத்துவமனையில் வெள்ளை என்றால் புதியது, மற்றொன்றில் வெள்ளை என்றால் தீர்ந்துபோனது. பழைய இடத்துப் பழக்கத்தில் ‘வெள்ளையாக இருக்கிறது, பரவாயில்லை’ என்று கடந்து போனால், நோயாளி தன் கரியமில வாயுவையே திரும்பச் சுவாசிப்பார்.

5 என்றால் சாவா, சுகமா?

மலேசியாவில் நீரிழிவு உள்ளவர்களுக்கு இது எளிதில் புரியும். நம் மருத்துவமனையில் ரத்தத்தில் சர்க்கரை 10 என்று சொல்வார்கள். தமிழ்நாட்டில் இருக்கும் மாமா ‘எனக்கு 180’ என்பார். கேட்டதும் பயந்துவிடுவோம். இரண்டும் ஒரே அளவுதான். நாம் லிட்டருக்கு மில்லிமோல் என்று கணக்கிடுகிறோம், அவர்கள் டெசிலிட்டருக்கு மில்லிகிராம் என்று கணக்கிடுகிறார்கள். நம் எண்ணை 18ஆல் பெருக்கினால் அவர்கள் எண் வந்துவிடும்.

வீட்டில் இது வெறும் குழப்பம். அறுவை சிகிச்சைக் கூடத்தில் இதே குழப்பம் வேறு வடிவில் வருகிறது. நோயாளி வெளிவிடும் மூச்சில் உள்ள கரியமில வாயுவைக் காட்டும் கருவி கேப்னோகிராஃப். இந்தியாவிலும் அமெரிக்காவிலும் அதன் எண் மில்லிமீட்டர் பாதரச அழுத்தத்தில் வரும். 35 முதல் 45 வரை இயல்பு. பிரிட்டனில் கிலோபாஸ்கல் கணக்கு. அங்கே 4.7 முதல் 6 வரை இயல்பு.

இந்தியாவில் பயின்றவர் பிரிட்டிஷ் திரையில் 5.2 என்று பார்த்தால் அவர் நெஞ்சு ஒரு கணம் நின்றுவிடும். அவர் பழகிய கணக்கில் 5 என்பது ரத்த ஓட்டமே நின்றுபோகும் நிலையைச் சொல்லும் எண். உண்மையில் நோயாளி சுகமாக இருக்கிறார். இதற்கு நேர்மாறானதுதான் அதிக ஆபத்து. யாரோ ‘12’ என்று சொல்கிறார்கள். பழைய கணக்கில் அது மிகக் குறைவு. கிலோபாஸ்கல் கணக்கில் அது 90 மில்லிமீட்டர், இயல்பைப்போல் இரண்டு மடங்கு. ஒன்றில் மூச்சைக் குறைக்கத் தோன்றும், மற்றொன்றில் கூட்டத் தோன்றும். எண் ஒன்றாக இருந்து அலகு மாறினால் வைத்தியமும் தலைகீழாகிவிடும்.

எண்ணைவிட அலையைப் பார்ப்பது பாதுகாப்பு. குழாய் மூச்சுக்குழலில் இருந்தால் ஒவ்வொரு மூச்சுக்கும் திரையில் ஓர் அலை எழும். குழாய் தவறி உணவுக்குழலுக்குள் போயிருந்தால் தொடர்ந்த அலை வராது. அலை இல்லையென்றால் குழாய் தவறான இடத்தில் இருப்பதாகவே எடுத்துக்கொள்ள வேண்டும் என்று பிரிட்டனின் மயக்கவியல் கல்லூரி தனிப் பிரசாரமே நடத்தியது. அலைக்கு மொழியும் இல்லை, அலகும் இல்லை. எந்த நாட்டில் படித்தவரும் அதைப் படிக்கலாம்.

ஒரே மருந்து, இரண்டு பெயர்

நாம் பாராசிட்டமோல் என்பதை அமெரிக்கர் அசிட்டமினோஃபென் என்கிறார்கள். இது பலருக்கும் தெரியும். மயக்கவியல் மருந்து அலமாரியிலும் இப்படித்தான். பிரிட்டிஷ் வழக்கில் அட்ரினலின், அமெரிக்க வழக்கில் எபிநெஃப்ரின். இங்கே சக்ஸாமெத்தோனியம், அங்கே சக்சினைல்கோலின். இங்கே பெத்தடின், அங்கே மெபரிடின். இதயம் நின்றுபோன நோயாளியின் பக்கத்தில் ‘எபி கொடுங்கள்’ என்று கத்தும்போது, எந்த மருந்து என்று யோசிக்க நேரம் இருக்காது.

இங்கும் நிறம் ஓரளவு உதவுகிறது. ஊசிக்குழலில் ஒட்டும் பெயர்ச்சீட்டுக்கு உலகத் தரம் உண்டு. உறங்க வைக்கும் மருந்துக்கு மஞ்சள், தசை தளர்த்திக்குச் சிவப்பு, மார்ஃபின் வகைக்கு நீலம், ரத்த அழுத்தத்தை ஏற்றும் மருந்துக்கு ஊதா. ஆவியாகும் மயக்க மருந்துகளை ஊற்றி வைக்கும் வேப்பரைசர்களுக்கும் அப்படியே. ஐசோஃபுளூரேன் ஊதா, செவோஃபுளூரேன் மஞ்சள், டெஸ்ஃபுளூரேன் நீலம், ஹாலோத்தேன் சிவப்பு.

ஆனால் எந்த நாட்டில் எந்த மருந்து இருக்கும் என்பது வேறு கதை. ஹாலோத்தேன் மலிவானது. வசதி குறைந்த நாடுகளில் நீண்ட காலம் உழைத்தது. பணக்கார நாடுகளில் இளம் மருத்துவர்கள் அதைப் பார்த்ததேயில்லை. டெஸ்ஃபுளூரேன் வேறு காரணத்தால் மறைகிறது. அது பூமியைச் சூடாக்கும் திறன், எடைக்கு எடை, கரியமில வாயுவைப்போல் 2,500 மடங்கு அளவில் இருக்கிறது. ஸ்காட்லாந்து 2023இல் அதை நிறுத்தியது. ஐரோப்பிய ஒன்றியம் 2026 தொடக்கத்திலிருந்து மருத்துவக் கட்டாயம் இருந்தால் ஒழியப் பயன்படுத்தக் கூடாது என்று சொல்லிவிட்டது.

அவசர மருந்து ஒன்றையும் பார்ப்போம். சிலரின் உடலில், மரபு காரணமாக, சக்ஸாமெத்தோனியமோ ஆவியாகும் மயக்க மருந்தோ பட்டதும் தசைகள் இறுகி உடல் வெப்பம் கட்டுக்கடங்காமல் ஏறும். அரிதான நிலை, ஆனால் உயிரைப் பறிக்கக்கூடியது. மாற்று மருந்து டான்ட்ரோலீன். உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 2.5 மில்லிகிராம் என்று தொடங்குவார்கள். 70 கிலோ எடையுள்ளவருக்கு 175 மில்லிகிராம். பழைய வகை மருந்துக் குப்பியில் 20 மில்லிகிராம் தூள்தான் இருக்கும். ஆக ஒன்பது குப்பிகள். ஒவ்வொன்றிலும் 60 மில்லிலிட்டர் தூய நீரை விட்டுக் குலுக்கிக் கரைக்க வேண்டும். மருத்துவர் நோயாளியை விட்டு நகர முடியாது. கரைப்பது தொழில்நுட்பரும் தாதியரும்தான். அமெரிக்காவில் 2014 முதல் 250 மில்லிகிராம் கொண்ட புதிய குப்பி கிடைக்கிறது. அதற்கு 5 மில்லிலிட்டர் நீர் போதும். பழைய குப்பிக்குப் பழகிய கை அதிலும் 60 மில்லிலிட்டரைத் தேடும். புதியதற்குப் பழகியவர் பழைய குப்பியை எடுத்து ஒன்று போதும் என்று நினைத்தால் விளைவு சொல்ல வேண்டியதில்லை.

பெயர்ப் பலகை மாறும்போது

இந்த வேலையைச் செய்பவரின் பெயரும் நாட்டுக்கு நாடு மாறுகிறது. இதில்தான் பலரின் வாழ்க்கை சிக்கிக்கொள்கிறது.

மலேசிய அரசு மருத்துவமனைகளில் மயக்க மருந்து நிபுணருக்குத் துணை நிற்பவர் பெரும்பாலும் உதவி மருத்துவ அதிகாரி. மூன்றாண்டு டிப்ளோமா படித்து, 1977ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் பதிவு பெற்று, பிறகு மயக்கவியலில் சிறப்புப் பயிற்சி எடுத்தவர். அதே அதிகாரி கிளினிக்கிலும் ஆம்புலன்சிலும் வேலை செய்வார். வெளிநாடுகள் பலவற்றில் இப்படி ஒரு பதவி இல்லை. ‘நீங்கள் தாதியா, மருத்துவரா, ஆம்புலன்ஸ் ஊழியரா?’ என்றுதான் கேட்பார்கள். சிங்கப்பூரில் இந்தப் பணிக்கெனப் பயிற்சி பெற்ற தாதியர் பலர் இருக்கிறார்கள்.

பிரிட்டனில் இவர் அறுவைக்கூடப் பயிற்சியாளர். 2004 முதல் இந்தப் பெயர் சட்டப் பாதுகாப்பு பெற்றது. சுகாதார, பராமரிப்புத் தொழில்கள் மன்றத்தில் பதிவு செய்யாதவர் அந்தப் பெயரைப் பயன்படுத்தினால் குற்றம். அவருடைய தகுதி மயக்கவியலோடு முடிவதில்லை. அறுவை மருத்துவருக்குக் கருவி எடுத்துக் கொடுப்பதும், மயக்கம் தெளியும் நோயாளியைக் கவனிப்பதும் அதில் சேரும். மயக்கவியலை மட்டும் படித்த வெளிநாட்டவரின் விண்ணப்பத்தில் மற்ற இரண்டும் குறையாகத் தெரியும். பத்தாண்டு அனுபவம் அந்தக் குறையைத் தானாக நிரப்பிவிடாது. ஆங்கிலத் தேர்வில் மொத்தம் 7, எந்தப் பகுதியிலும் 6.5க்குக் குறையாமல் எடுக்க வேண்டும் என்பதும் நிபந்தனை.

நியூசிலாந்தில் மருத்துவ அறிவியல் மன்றம் இவர்களைப் பதிவு செய்கிறது. பதிவு பெற்றவர் ஆண்டுதோறும் பணிச் சான்றிதழைப் புதுப்பிக்க வேண்டும். பக்கத்திலிருக்கும் ஆஸ்திரேலியாவில் தேசியப் பதிவேட்டில் இந்தத் தொழில் இல்லை. இரு நாட்டு மயக்கவியல் மருத்துவர்களுக்கும் ஒரே கல்லூரி, நிபுணருக்குப் பயிற்சி பெற்ற உதவியாளர் வேண்டும் என்ற கொள்கையும் ஒன்றே. இருந்தும் பதிவுச் சட்டம் வேறு.

அமெரிக்காவில் பெயர்க் குழப்பம் இன்னும் அதிகம். அங்கே மயக்கவியல் தொழில்நுட்பர் வேறு, மயக்க மருத்துவரின் உதவியாளர் வேறு. பின்னவர் முதுநிலைப் பட்டம் பெற்று, மருத்துவரின் மேற்பார்வையில் தானே மயக்கம் கொடுப்பவர். இரண்டு பெயரும் காதில் ஒன்றுபோல் விழும். ஊதியமும் பொறுப்பும் எட்டாத தூரம். வேலை முகவர் சொல்லும் பெயரை அப்படியே நம்பிக் கையெழுத்துப் போடக் கூடாது என்பதற்கு இது ஒன்றே போதும்.

வளைகுடாவில் வழி வேறு. சவூதியின் சுகாதாரச் சிறப்புத் துறைகள் ஆணையமும் துபாய் சுகாதார ஆணையமும் முதலில் உங்கள் சான்றிதழை அதை வழங்கிய கல்லூரிக்கே அனுப்பி ‘இது உண்மையா?’ என்று கேட்டு உறுதி செய்கின்றன. பிறகு கணினித் தேர்வு. கல்லூரி பதில் எழுதத் தாமதித்தால் மாணவர் காத்திருக்க வேண்டியதுதான்.

இந்தியாவிலிருந்து போகிறவர்களுக்கு இன்னொரு தொல்லை. ‘உங்கள் நாட்டு மன்றத்தில் பதிவு உண்டா? நன்னடத்தைச் சான்று கொடுங்கள்’ என்று வெளிநாட்டு மன்றங்கள் கேட்கும். இந்தத் தொழிலுக்கு இந்தியாவில் நீண்ட காலம் தேசிய மன்றமே இல்லை. 2021இல் வந்த சட்டம்தான் மயக்கவியல் தொழில்நுட்பர் உட்படப் பல துணை மருத்துவத் தொழில்களுக்குத் தேசிய ஆணையத்துக்கு வழி செய்தது. அதற்கு முன் படித்தவர், இல்லாத மன்றத்திடமிருந்து சான்று வாங்கி வரச் சொன்னால் என்ன செய்வார்? திறமை இருந்தும் அதை நிரூபிக்கக் காகிதம் இல்லாமல் தடுமாறியவர்கள் இவர்கள். பதிவுக்குக் காத்திருக்கும் காலத்தில் சிலர் நோயாளியைத் தள்ளிச் செல்லும் வேலையும் துப்புரவு வேலையும் பார்க்கிறார்கள். அதில் இழிவு ஒன்றும் இல்லை. ஆனால் ஓராண்டு லாரிங்கோஸ்கோப்பைத் தொடாத கை பழைய வேகத்தில் இருக்காது.

கை எங்கே நிற்க வேண்டும், வாய் எங்கே திறக்க வேண்டும்

சில மருத்துவமனைகளில் அனுபவமுள்ள தொழில்நுட்பர் மருந்தை ஊசிக்குழலில் ஏற்றுவார், நரம்பில் ஊசி குத்துவார், சில இடங்களில் குழாய்கூடப் போடுவார். புது நாட்டில் அவற்றில் சில சட்டப்படி அவருக்கு இல்லை. ‘எனக்குத் தெரியுமே’ என்று கை நீட்டினால் பதிவே போய்விடலாம். கற்ற வித்தையை அடக்கி வைப்பது எளிதல்ல. முதல் வாரத்திலேயே தன் பணியின் எல்லையை எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்வது நல்லது.

கையை அடக்கும் இடத்தில் வாயைத் திறக்க வேண்டியிருக்கும். நம் பண்பாட்டில் பெரிய மருத்துவர் முன் சின்ன ஊழியர் பேசமாட்டார். ‘டாக்டருக்குத் தெரியாததா?’ என்று விட்டுவிடுவோம். அலை இல்லாத திரையைப் பார்த்துக்கொண்டு வாய்மூடி நிற்பது மரியாதையாகாது.

உலகச் சுகாதார நிறுவனம் 2008இல் அறுவை சிகிச்சைப் பாதுகாப்புப் பட்டியலை வெளியிட்டது. 19 கேள்விகள். மயக்கவியல் இயந்திரமும் மருந்தும் சரிபார்க்கப்பட்டனவா என்பது அவற்றில் ஒன்று. கூடத்தில் உள்ள ஒவ்வொருவரும் தம் பெயரையும் பொறுப்பையும் சொன்னார்களா என்பது இன்னொன்று. முன்பின் தெரியாதவரிடம் ‘டாக்டர், நிறுத்துங்கள்’ என்று சொல்வது கடினம். ஒரு முறை பெயர் சொல்லிப் பேசிவிட்டால் இரண்டாம் முறை பேசுவது எளிது.

மருத்துவர் அதுல் கவாண்டே தலைமையில் இந்தப் பட்டியலை எட்டு நகரங்களில் சோதித்துப் பார்த்தார்கள். டெல்லி, மணிலா, அம்மான், ஆக்லாந்து, லண்டன், டொரொண்டோ, சியாட்டில், தான்சானியாவின் இஃபாக்கரா. 2009இல் முடிவு வெளியானது. அறுவைக்குப்பின் இறப்பு 1.5 விழுக்காட்டிலிருந்து 0.8 விழுக்காடாகவும், பெரிய சிக்கல்கள் 11 விழுக்காட்டிலிருந்து 7 விழுக்காடாகவும் குறைந்திருந்தன. பணக்கார நகரம், ஏழை நகரம் இரண்டையும் சேர்த்துக் கிடைத்த முடிவு இது. பேசும் பழக்கத்தை எந்த நாட்டிலும் கற்றுக்கொள்ளலாம் என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டுமா?

புறப்படுமுன்

உங்கள் பிள்ளையோ உறவினரோ இந்த வழியில் போக நினைத்தால், பெட்டி கட்டுமுன் சில வேலைகள் இருக்கின்றன.

• படித்த பாடத்திட்டத்தைப் பாடம் வாரியாக, மணிக்கணக்கோடு கல்லூரி முத்திரையுடன் வாங்கி வையுங்கள். பட்டச் சான்றிதழைவிட வெளிநாட்டு மன்றம் இதைத்தான் அதிகம் படிக்கும்.

• கலந்துகொண்ட அறுவை சிகிச்சைகளைத் தேதி, வகை, செய்த பணி என்று குறிப்பேட்டில் எழுதி மேற்பார்வையாளரின் கையெழுத்து வாங்குங்கள். நோயாளியின் பெயர் அதில் வேண்டாம். வேலையை விட்ட பிறகு இதைத் திரட்ட முடியாது.

• மயக்கவியலோடு அறுவைக் கருவிப் பணி, மயக்கம் தெளியும் பிரிவு இரண்டிலும் சில மாதமாவது வேலை செய்து சான்று பெறுங்கள்.

• வேலை ஒப்பந்தத்தில் பதவியின் பெயரையும் பணி விவரத்தையும் பாருங்கள். தொழில்நுட்பர் என்று பேசிவிட்டு உதவியாள் என்று எழுதியிருந்தால் கையெழுத்திடாதீர்கள்.

• வேலை தேடித் தருவதற்கு வேலை தேடுபவரிடம் கட்டணம் வாங்குவது பிரிட்டனில் சட்டவிரோதம். இந்தியாவில் பதிவு பெற்ற முகவர் 30,000 ரூபாயும் அதற்கான வரியும்தான் வாங்கலாம். லட்சக்கணக்கில் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.

• எந்த நாட்டில் வேலை செய்ய எண்ணமோ, அந்த நாட்டு மன்றத்தின் நிபந்தனையைப் படிப்பில் சேருமுன்பே பாருங்கள். நான்காண்டு படித்தபின் பார்ப்பது காலம் கடந்த வேலை.

புதிய கூடத்தில் முதல் நாள் காலை, முதல் நோயாளி வருமுன், அரை மணி நேரம் முன்னதாகப் போய் நிற்கட்டும். பிராணவாயு எந்த நிறம், குமிழ் எந்தப் பக்கம், திரையில் எந்த அலகு, சுண்ணாம்பு எந்த நிறத்துக்கு மாறும், டான்ட்ரோலீன் எந்த அலமாரியில் இருக்கிறது, ஒரு குப்பியில் எத்தனை மில்லிகிராம் என்று பார்த்து எழுதிக்கொள்ளட்டும். தெரியாததைக் கேட்கட்டும். அவருக்குப் பக்கத்தில் பத்தாண்டாக அங்கே வேலை செய்பவருக்கும் அதில் ஒன்றிரண்டுக்கு உடனே பதில் தெரியாமல் இருக்கலாம்.